ஒன்றிப்பும் ஒதுக்கலும்: கிறிஸ்தவ சமுதாயத்தின் உட்பிளவுகளும் தமிழ் இலக்கியமும்

கிறிஸ்தவ ஒற்றுமை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் மிகப் பல, திருச்சபைப் பிரிவுகளின் இணைப்பையே பொருளாகக் கொண்டவை. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் எனப் பிரிந்து நிற்போர் எவ்வாறு ஒரே பந்தியில் அமரலாம் என்பதே அவை எழுப்பும் வினா. வினா முக்கியமானதே. ஆயின் தமிழ்க் கிறிஸ்தவரின் வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, விசுவாசிகளைப் பிரித்து வைத்தவை கோட்பாட்டு வேறுபாடுகள் மட்டுமல்ல என்பது புலனாகும். சாதி ஒரு பிரிவு. ஈழத்தைப் பொறுத்தவரை மொழியும் இனமும் இன்னொரு பிரிவு.

இவற்றுள் கோட்பாட்டுப் பிரிவு தீர்க்கப்பட வேண்டிய குறையென ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கெனப் பேரவைகள் கூடின, திட்டங்கள் வரையப்பட்டன. சாதியோ ‘உலக வழக்கம்’ என்றும், இனப் பிரச்சினையோ ‘அரசியல்’ என்றும் பெயர் பெற்று ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. வெளியே நிறுத்தப்பட்டனவாகச் சொல்லப்பட்ட இவையே உள்ளே இருக்கை ஒழுங்கையும் கல்லறை ஒழுங்கையும் தீர்மானித்தன. சமயப் பேரவைகளிலும் பார்க்க இம்முரண்பாட்டைத் தமிழ் இலக்கியமே தெளிவாகக் கண்டது என்பது இக்கட்டுரையின் கருத்து. கே. டானியலின் ‘கானல்’, பாமாவின் ‘கருக்கு’ ஆகிய இரு நூல்களை மையமாகக் கொண்டு அக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது. அந்நூல்களுக்கு வருமுன், அவை எதிர்கொண்ட வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும். அதற்குக் கொழும்பிலே கொச்சிக்கடையைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை.

1. கொச்சிக்கடை தரும் சான்று

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தோற்றம் பற்றி வழங்கும் மரபுக்கதை, உண்மையில் கிறிஸ்தவருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையிலான பகையின் கதையாகும். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். அக்காலத்தில் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர், வணிகர் வேடம் பூண்டு, முகத்துவாரப் பகுதி மீனவரிடையே மறைந்து வாழ்ந்தார் என்றும், கடலரிப்பைத் தடுக்கும்படி அவர்கள் வேண்ட, அவர் சிலுவை நட்டுச் செபித்தபோது கடல் பின்வாங்கிற்று என்றும் அக்கதை கூறும். கொச்சியிலிருந்து வந்தவரின் கடை என்பதால் இடப்பெயர் அமைந்தது என்பது மக்கள் வழக்கு. கதையின் அற்புதப் பகுதி எவ்வாறாயினும், அதன் வரலாற்றுப் பின்னணி மறுக்க முடியாதது. கிறிஸ்துவின் பெயரால் ஆண்டவர்கள் கிறிஸ்துவின் பெயரால் வழிபட்டவர்களைத் துரத்தினார்கள்.

யோசே வாஸ் அடிகளின் வாழ்வு இதனை மேலும் துலக்கும். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்த அவர், இரவலர் கோலத்தில் மறைந்து பணியாற்ற நேர்ந்தது. புரட்டஸ்தாந்த ஆட்சி துரத்திய அக்கத்தோலிக்கக் குருவுக்குப் பாதுகாப்பளித்தது கண்டியின் பௌத்த அரசு. 1711இல் கண்டியிலேயே அவர் மறைந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவர் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டபோது, சிங்களவரும் தமிழரும் அவரைத் தம்மவராகக் கொண்டாடினர். அவரைத் துரத்தியவர்களும் கிறிஸ்தவர்களே என்பது அன்று அதிகம் பேசப்பட்டதில்லை.

கத்தோலிக்கர் மீதான தடைகள் பிரித்தானியர் காலத்தில், 1806இல் நீக்கப்பட்டன. இன்று காணப்படும் அந்தோனியார் கோயிலின் மூலக் கட்டடம் 1834இல் அர்ச்சிக்கப்பட்டது. அதிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வொல்வெண்டால் சபையும் நிற்கிறது. துரத்தியவரின் ஆலயமும் துரத்தப்பட்டவரின் ஆலயமும் ஒரே நகர்ப்பகுதியில் அயலாக நிற்பது சமரசத்தின் அடையாளமாகச் சிலரால் சுட்டப்படுவதுண்டு. ஆயின் இந்நிலை இறையியல் உடன்பாட்டால் விளைந்ததன்று. ஆட்சி மாறியதால் விளைந்தது. அதிகாரம் கைமாறும்போது மட்டும் தணிகின்ற தப்பெண்ணம், உண்மையில் வெல்லப்பட்டதாகாது.

கொச்சிக்கடையில் இன்னொரு சான்றும் உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் அங்கு கூடுவோருள் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தரும் பிறரும் அடங்குவர். துறைமுகத் தொழிலாளி, பரதவர், கொழும்புச் செட்டி, மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலை தேடி வந்தவர் ஆகியோர் ஒரே வரிசையில் நின்று மெழுகுதிரி ஏற்றுகின்றனர். நேர்த்திக்கடனுக்கு முன்னால் வேறுபாடுகள் தற்காலிகமாக மறைகின்றன என்பது மெய். ஆயின் வரிசையில் அருகருகே நிற்பது வேறு. மணவுறவிலும் நிலத்திலும் அதிகாரத்திலும் அருகருகே நிற்பது வேறு. முன்னதைப் பின்னதாக மயங்குவதே ஒற்றுமை பற்றிய எழுத்துக்களின் பெருங்குறை.

2. ‘வழக்கம்’ என்னும் அடைக்கலம்

கொச்சிக்கடைக் கதை சபைப் பிரிவால் எழுந்த பகையின் கதை. ஒரே சபைக்குள்ளேயே நிலவிய பிரிவின் கதையைத் தமிழகத்தில் தேட வேண்டும். அங்கே சாதி, கிறிஸ்தவத்துள் எவ்வாறு இடம்பெற்றது என்பதை விளக்க ஒரு சொல் போதும்: வழக்கம். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ரொபேட் டி நொபிலி, சமயச் சடங்கு வேறு, சமுதாய வழக்கம் வேறு எனப் பகுத்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமுதாய வழக்கங்கள். ஆதலின் அவற்றைக் கைவிடாமலே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்பது அவர் வாதம். 1623இல் ரோமாபுரியும் அதனை ஏற்றது. ஐரோப்பிய நாகரிகத்தையே கிறிஸ்தவமெனக் கருதிய போர்த்துக்கேய மனப்பான்மைக்கு எதிராக எழுந்தது என்ற வகையில் அவ்வாதம் முற்போக்கானதே. ஆயின் அதே பகுப்பு சாதியையும் சமுதாய வழக்கமெனக் காத்தது. உயர் சாதியாருக்கு ஒருவகைக் குரு, ஏனையோருக்குப் பண்டாரசுவாமி என்னும் நிலை உருவாயிற்று. 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் விடுத்த ஆணை, பறையர் இல்லங்களுக்குச் சென்று நோயாளருக்கு அருட்சாதனம் வழங்குமாறு குருமாரைப் பணித்தது. அதற்குக் காணப்பட்ட வழி, பறையருக்கெனத் தனிக் குருமாரை நியமித்தலாகும். ஒதுக்கலை நீக்க எழுந்த ஆணை, ஒதுக்கலின் புதிய ஒழுங்காக முடிந்தது.

புரட்டஸ்தாந்தரிடையே இப்பிரச்சினை வேறு வடிவில் எழுந்தது. அதன் மிகச் சிறந்த இலக்கியச் சான்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். ‘பெத்தலகேம் குறவஞ்சி’ பாடியவர். தமிழ்க் கிறிஸ்தவ இசை மரபுக்கு அடித்தளமிட்டோருள் முதன்மையானவர். 1820களின் இறுதியில், புதிதாக வந்த மிஷனரிமார் செய்த மாற்றங்களைக் கண்டித்து அவர் எழுதினார். வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியமை, திருவிருந்தில் சாதிகளை ஒன்றாக அமர்த்த முயன்றமை, பூக்களை விலக்கியமை, தமிழ் இசையை விலக்கியமை ஆகியவை அவர் கண்ட கொடுமைகள்.

இப்பட்டியலே ஆழ்ந்த விமர்சனத்துக்குரியது. தமிழிசையை விலக்கியது உண்மையில் பண்பாட்டு ஆதிக்கமே; அதனை எதிர்த்த சாஸ்திரியார் பக்கம் நாம் நிற்க முடியும். ஆயின் இசையையும் சாதி இருக்கையையும் அவர் ஒரே மூச்சில் காக்க எழுந்தார். பண்பாட்டுரிமை என்ற ஒரே கூரையின் கீழ் கலையும் தப்பெண்ணமும் சேர்ந்து ஒதுங்கின. மறுபுறத்தில் மிஷனரிமாரும் சமத்துவத்தையும் ஐரோப்பிய ரசனையையும் ஒரே பொதியாகக் கட்டியே கொண்டுவந்தனர். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், சபையில் சாதி முற்றாகக் கைவிடப்பட வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் பிரிந்து சென்றமைக்கு இதுவே பின்னணி. இரு பொதிகளையும் அவிழ்த்துப் பார்த்து, கொள்ளத் தக்கதையும் தள்ளத் தக்கதையும் பிரித்தறிய அக்காலத்தில் எவரும் முன்வரவில்லை. அப்பணி பின்வந்த எழுத்தாளர்களுக்காகக் காத்திருந்தது.

‘வழக்கம்’ கல்லிலும் கட்டப்பட்டது. திருநெல்வேலிப் பகுதி வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் இரு கைகளாகப் பிரிந்து பீடத்தில் சந்திக்கும் அமைப்புடையது. ஒன்றில் வெள்ளாளர் முதலியோர், மற்றதில் நாடார். அவர்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்த வழக்கில், சாதி அடிப்படையில் ஆலயத்துள் தனியிடத்தை உரிமையாகக் கோர முடியாதெனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்னும் நூலில் (2001) விரிவாக ஆராய்ந்துள்ளார். பரிசுத்த குடும்பத்தின் பெயரால் அமைந்த ஆலயத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்திருந்தது என்பதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

3. பேரவைகளின் ஒன்றிப்பு

அதே 1910ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடிற்று. நவீன கிறிஸ்தவ ஒன்றிப்பு இயக்கத்தின் தொடக்கமாக அது கொள்ளப்படும். திருநெல்வேலியைச் சேர்ந்த வே. ச. அசரியா அங்கு பேசுகையில், மேலைநாட்டு மிஷனரிமார் பொருளையும் உழைப்பையும் தருகின்றனரேயன்றி இந்தியருக்கு நட்பைத் தருவதில்லை எனத் துணிந்து குறிப்பிட்டார். சபைகளின் இணைப்பைப் பற்றிப் பேசக் கூடிய அவையில், இணைந்து உண்ணாத மனிதரைப் பற்றி அவர் பேசினார். நாடார் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். ஒதுக்கல் என்பதை இருதிசையிலும் கண்டவர். பின்னர் 1912இல் அங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய மாநாட்டில் அவர் முன்னின்று தொடக்கிய முயற்சியே, 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாயினர். ஆயர் மரபுடைய சபையும் அம்மரபு இல்லாத சபைகளும் இணைந்த இந்நிகழ்ச்சி உலகளவில் முன்னுதாரணமாயிற்று.

ஈழத் தமிழருக்கும் இதில் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷனின் சபை, புதிய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயிற்று. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயரானார். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தோன்றியபோது, தொடக்க அருளுரை ஆற்றியவர் யாழ்ப்பாணத்தவரான மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ். ஆயின் இலங்கையில் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் இவ்விணைப்பில் சேர்ந்திலர். நாடு முழுவதற்குமென 1940களில் தொடங்கிய ஒன்றிப்புத் திட்டம் 1970களின் முற்பகுதியில் நீதிமன்ற வழக்குகளுக்குள் சிக்கி நின்றுபோயிற்று. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பு, பிரிந்த சகோதரர் மீதான பழைய கண்டன மொழியை மாற்றிற்று.

இம்முயற்சிகளின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. அவை எவற்றைப் பற்றிப் பேசின என்பதே வினா. ஆயர் மரபு, ஞானஸ்நானம், நற்கருணை, குருத்துவம் ஆகியன பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை நடந்தது. ஒரே ஞானஸ்நானம் பெற்ற இருவர் ஒரே கிணற்றில் நீரள்ள முடியாமை பற்றி அத்தகைய பேச்சுவார்த்தை நடந்ததில்லை. சபைகள் இணைந்தன, சாதிகள் இணைந்தில.

4. ‘கானல்’

இந்த இடைவெளியில்தான் கே. டானியல் தம் நாவலை நிறுத்துகிறார். ‘பஞ்சமர்’ தொடக்கமாக அவர் எழுதிய நாவல்கள் யாழ்ப்பாணத்து நிலமானியச் சமுதாயத்தில் தாழ்த்தப்பட்டோர் நிலையைப் பொருளாகக் கொண்டவை. 1986 மார்ச்சில் அவர் தஞ்சாவூரில் மறைந்தார். ‘கானல்’ அதே ஆண்டில் வெளியாயிற்று. விடுதலை நாடிக் கிறிஸ்தவத்தைத் தழுவும் பஞ்சமர், சமயம் மாறிய பின்னும் சாதி மாறாமையைக் காண்பதே அதன் பொருள். தாகத்தோடு நடப்பவனுக்குத் தூரத்தில் நீராகத் தோன்றி, அணுகும்போது மறைவது கானல். தலைப்பே நாவலின் தீர்ப்பாகும்.

நாவலின் வலிமை, அது சமயத்தைச் சமயமாக மட்டும் நோக்காமையில் உள்ளது. நிலம் யாருடையது, கூலி யார் தருவது, குடியிருக்கும் காணியிலிருந்து எழுப்பும் அதிகாரம் யாருக்கு என்னும் வினாக்கள் மாறாதிருக்க, நெற்றியில் திருநீறு போய்ச் சிலுவை வருவதால் மட்டும் உறவுகள் மாறுவதில்லை. தப்பெண்ணம் என்பது உள்ளத்தில் மட்டும் குடியிருக்கும் ஒரு பிழையான கருத்தன்று. அது ஒரு பொருளாதார ஒழுங்கின் நிழல். ‘ஒருவரையொருவர் நேசியுங்கள்’ என்ற பிரசங்கம் மட்டும் அதனைப் போக்காமைக்குக் காரணம் இதுவே. ஒற்றுமை பற்றிய அருளுரைகள் தொடாத இடத்தை டானியல் தொட்டார்.

எனினும் விமர்சகன் ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும். கானல் முற்றிலும் கானல்தானா? யாழ்ப்பாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களிடையே முதல் தலைமுறைக் கல்வியறிவு பரவியதில் மிஷன் பாடசாலைகளுக்குப் பங்குண்டு. 1929, 1930ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கோரிய போராட்டம் எழுந்தது; அதனை ஏற்காத சாதிமான்களால் சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. வாங்கு ஒன்றில் சமமாக அமரும் உரிமை தீ வைக்குமளவுக்குச் சிலரை அச்சுறுத்தியதெனின், அங்கு வெறும் தோற்றமன்றி மெய்யான நீர் சிறிதேனும் ஊறிற்று என்பதே பொருள். டானியல் இதனைப் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை என்று கூறலாம்.

இக்குறையைச் சுட்டுமிடத்து மறுபக்கத்தையும் சொல்லுதல் தகும். அந்நீர் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தானாக ஊறியதன்று. பாதிக்கப்பட்டோர் அமைப்பாகத் திரண்டு கோரியதாலும், அவர்களோடு நின்ற சிலர் சாதிமான்களின் பகையை ஏற்றதாலும் கிடைத்தது. போராட்டம் எழுந்த இடத்தில் கல்வி சமத்துவத்தின் கருவியாயிற்று. எழாத இடத்தில் அதே மிஷன் தரையில் ஒரு பிள்ளையையும் வாங்கில் ஒரு பிள்ளையையும் இருத்திக் கற்பித்தது. இவ்வேறுபாட்டைக் கருதின், டானியலின் முடிபு திருத்தம் பெறுமேயன்றி வீழ்ந்துவிடாது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் நேரடியாக நின்று 1960களின் பிற்பகுதியில் ஆலய, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களில் பங்கு கொண்டவர் அவர். மதமாற்றத்தைப் போராட்டத்துக்கு மாற்றாகக் கருதுவதையே அவர் மறுத்தார்.

5. ‘கருக்கு’

‘கானல்’ சபைக்கு வெளியே நின்று நோக்கிய நூல். 1992இல் வெளியான பாமாவின் ‘கருக்கு’ உள்ளிருந்து எழுந்தது. கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்து, ஆசிரியையாகி, கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழாண்டுகளின் பின் வெளியேறிய ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறு அது. தன்வரலாற்று நூல்களுக்குரிய காலவரிசை அதில் இல்லை. நினைவு மீண்டும் மீண்டும் ஒரே காயத்துக்குத் திரும்புகிறது. ஊர்ப் பேச்சுமொழியில் எழுதப்பட்டமையும் குறிப்பிடத் தக்கது. பிரசங்க மேடையின் செந்தமிழும் மடத்தின் ஒழுங்குமொழியும் மறைத்தவற்றை அப்பேச்சுமொழி வெளிக்கொணர்ந்தது.

இந்நூலில் மறக்கவியலாத செய்தி, சில துறவறச் சபைகளில் தாழ்த்தப்பட்ட பெண்கள் சேர்க்கப்படுவதில்லை என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே அவர் அறிய நேர்ந்தமை. உலகைத் துறப்பதற்கும் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. ‘உலக வழக்கம்’ என்று நொபிலி காலம் முதல் கூறப்பட்ட காப்பு வாதம் இங்குச் சிதறுகிறது. உலகத்தைத் துறந்தோர் வாழும் இடத்திலும் அது வாழ்கிறதெனின், அது உலக வழக்கமன்று, மடத்தின் வழக்கம்.

பாமாவின் விமர்சனம் மறுப்புவாதமாக முடியவில்லை என்பதும் நோக்கத் தக்கது. மடத்தை விட்டு வெளியேறுபவர் இயேசுவை விட்டு வெளியேறவில்லை. அடக்கமும் பொறுமையும் கற்பிக்கும் இயேசுவுக்கு மாறாக, ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று அநீதியைக் கண்டித்த இயேசுவை அவர் நற்செய்தியில் மீட்டெடுக்கிறார். முற்போக்கு விமர்சகர் சிலர் சமய நம்பிக்கையைப் பொய்ப்பிரக்ஞை என ஒரு சொல்லில் முடித்துவிடுவதுண்டு. ‘கருக்கு’ அத்தகைய எளிய முடிபுக்கு இடந்தருவதில்லை. ஒடுக்குவோர் பயன்படுத்தும் அதே நூலை ஒடுக்கப்பட்டோரும் வாசிக்கின்றனர்; வாசிப்பு வேறாகிறது.

இவ்விடத்தில் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலையும் சேர்த்து நோக்கலாம். பறையர் குடியிருப்பில் தொழில்செய்து வாழும் கிறிஸ்தவ வண்ணார் குடும்பத்தின் கதை அது. மகனைக் குருவாக்க விரும்பும் ஆரோக்கியத்தின் ஆசையும், அவ்வாசை எதிர்கொள்ளும் வறுமையும் அதில் துல்லியமாகச் சித்திரிக்கப்படுகின்றன. ஒடுக்கப்பட்டோரிடையேயும் ஒடுக்கல் உண்டெனக் காட்டியமைக்காகத் தலித் விமர்சகர் சிலரின் கண்டனத்துக்கு அந்நாவல் உள்ளாயிற்று. ஆயின் தப்பெண்ணம் மேலிருந்து கீழாகப் படிப்படியாக இறங்கும் தன்மையது என்ற உண்மையை மறைப்பதால் எவருக்கும் நன்மையில்லை. பஞ்சமருள் ஐந்து பிரிவினர் உண்டென்பதை அறிந்த யாழ்ப்பாணத்து வாசகனுக்கு இது புதுமையுமன்று.

இவை முடிந்துபோன காலத்தின் கதைகள் எனக் கருதுவோர், 2008 மார்ச்சில் தமிழகத்தின் எறையூரில் நிகழ்ந்ததை நினைவிற்கொள்ள வேண்டும். தமக்கெனத் தனிப் பங்கு கோரிய தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இந்திய அரசோ 1950ஆம் ஆண்டு ஆணையின்படி, கிறிஸ்தவராகிய தலித்துக்களைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அளிக்கப்பட்ட அவ்வுரிமை கிறிஸ்தவருக்கு அளிக்கப்படவில்லை. சாதியற்றவர் என்று அரசும் சாதியுடையவர் என்று அயலவரும் கூறுகையில், இரு பக்கத்தாலும் இழப்பவர் ஒருவரே. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையொன்றை வெளியிட்டு, சபைக்குள் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. ‘கருக்கு’ வெளியாகி இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் அவ்வொப்புதல் வந்தது.

6. மொழியும் இனமும்

சாதியைப் பற்றிக் கூறிய அனைத்தும், வேறுபெயரில், ஈழத்துச் சபைகளின் இனப் பிளவுக்கும் பொருந்தும். இலங்கைக் கிறிஸ்தவர், சிங்களவரும் தமிழரும் ஒரே நம்பிக்கையுள் இணைந்து வாழும் சமுதாயமெனத் தம்மைப் பெருமையோடு கூறுவர். அதற்கு ஆதாரமும் உண்டு. மடுமாதா திருத்தலத்துக்கு இரு மொழியினரும் யாத்திரை சென்றனர். கொச்சிக்கடையில் இரு மொழிகளிலும் திருப்பலி நடைபெறுகிறது.

ஆயின் வரலாற்றின் ஏனைய பக்கங்களையும் வாசிக்க வேண்டும். நீர்கொழும்பிலிருந்து வடக்கே சிலாபம் வரையான கரையோரத்துக் கத்தோலிக்க மீனவருள் பலர் தமிழ் பேசியவர்கள். இருபதாம் நூற்றாண்டில் சில தலைமுறைகளுக்குள் அவர்கள் சிங்களம் பேசுவோராயினர். அரசின் கல்விக் கொள்கையும் சபையின் பாடசாலைகளும் அதில் பங்கு வகித்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது, சிங்கள, தமிழ்க் கத்தோலிக்கர் ஒன்றாக நின்று எதிர்த்தனர். பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளேயே தங்கிப் போராடினர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது நிறுவன அளவில் அத்தகைய ஒற்றுமை தோன்றவில்லை. சபையின் சொத்துக்கு ஊறு நேர்ந்தபோது ஒற்றுமை பிறந்தது; சபையினருள் ஒருசாராரின் மொழிக்கு ஊறு நேர்ந்தபோது அது ‘அரசியல்’ ஆயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் லத்தீன் மொழி பின்தள்ளப்பட்டு, சுயமொழி வழிபாடு வந்தது. மக்கள் தம் மொழியில் இறைவனோடு பேசினர். அது பேரொரு விடுதலை. அதே வேளையில், ஒருவருக்கும் விளங்காத பொதுமொழியில் ஒரே நேரத்தில் கூடியோர், தத்தமக்கு விளங்கும் மொழியில் வெவ்வேறு நேரங்களில் கூடலாயினர். ஒருவர் திருப்பலி முடிந்து வெளியேறும்போது மற்றவர் உள்ளே நுழைகிறார்; வாசலில் புன்னகை பரிமாறப்படுகிறது. தவறு சுயமொழியிலன்று. மற்றவர் மொழியைக் கற்க வேண்டுமென்ற கடமையைச் சுயமொழியோடு சேர்த்து எவரும் போதிக்காமையே தவறு.

1983 யூலையின் பின் இக்கடமையை உணர்ந்து பேசியவர் குருநாகல் அங்கிலிக்கப் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. தமிழர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குச் சிங்களவர் பொறுப்பேற்க வேண்டுமெனத் தம் இறுதி மேய்ப்புப்பணி உரையில் வற்புறுத்திய அவர், அவ்வாண்டு ஒக்டோபரில் மறைந்தார். பெரும்பான்மையினத்தவர் தம்மினத்தை நோக்கிப் பேசினார் என்பதிலேயே அக்குரலின் பெறுமதி தங்கியுள்ளது. ஒற்றுமையைப் பற்றி ஒடுக்கப்பட்டோரிடம் உபதேசிப்பது எளிது; தன்னவரிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுவதே அரிது.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்புச் சீயோன் சபையிலும் குண்டுகள் வெடித்தன. கத்தோலிக்கர், சுயாதீன நற்செய்திச் சபையார். தமிழர், சிங்களவர் என்ற வேறுபாடு கொலையாளிகளுக்கு இருந்ததில்லை. ஹோட்டல்களில் மாண்டோரையும் சேர்த்து 260க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சீயோன் சபையில் இறந்தோருள் சிறுவர் பலர். துயரம் மக்களை ஒருமுகப்படுத்திற்று என்று அப்போது எழுதப்பட்டது. ஆயின் மறு மாதத்தில் நீர்கொழும்பிலும் வடமேல் மாகாணத்திலும் குற்றமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பொதுத் துயரம் தானாகத் தப்பெண்ணத்தைக் கரைப்பதில்லை. சில வேளைகளில் அதற்குப் புதிய இலக்கைக் காட்டிக் கொடுக்கிறது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் அளவுகோல் பெறப்படுகிறது. ஒரு சமுதாயம் தன் பிளவுகளுள் எதனைக் ‘குறை’ என்றும் எதனை ‘வழக்கம்’ என்றும் பெயரிடுகிறது என்பதைக் கொண்டே அதன் ஒற்றுமையின் உண்மையை அளவிட வேண்டும். குறையெனப் பெயர் பெற்றது திருத்தப்படலாம். வழக்கமெனப் பெயர் பெற்றது காக்கப்படும். வேதநாயக சாஸ்திரியார் இசையோடு சேர்த்துச் சாதியைக் காத்தார். வடக்கன்குளம் அதனைச் சுவராக்கிற்று. 1947இன் ஒன்றிப்பு அதனைத் தீண்டாமல் கடந்தது. டானியலும் பாமாவும் அதன் பெயரை மாற்றினர். பெயரை மாற்றுவது இலக்கியத்தால் இயலும். ஒழுங்கை மாற்றுவது இயக்கங்களின் பணி. முதலாவது இன்றி இரண்டாவது தொடங்குவதில்லை.

சாதிக்கு ‘கானல்’ செய்ததை, மொழிப் பிளவுக்குச் செய்யும் படைப்பு எழுதப்பட வேண்டிய தேவை உண்டு. அதற்குரிய களம் யாழ்ப்பாணத்திலன்று. கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பின் கரையோரத்திலும் கிடக்கிறது. தாய்மொழியை இரு தலைமுறைகளில் இழந்த குடும்பம், ஒரே பீடத்தின் முன் வெவ்வேறு நேரங்களில் மண்டியிடும் அயலவர், ஒரே கல்லறைத் தோட்டத்தில் இரு மொழிகளில் பொறிக்கப்பட்ட பெயர்கள் ஆகியவை எழுதுவோரை எதிர்நோக்கியுள்ளன. அவற்றை எழுதுபவர் சமயப் பற்றாளராயினும் சமய மறுப்பாளராயினும் ஆகுக. வழக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனால் நன்மை பெறுபவர் யாரெனக் கேட்கும் பழக்கம் மட்டும் அவருக்கு வேண்டும்.